ரட்டர் பெடல் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கோளாறு எங்கன்னு பாருங்க

ரட்டர் பெடல்னா விமானத்தோட வால்ல இருக்கிற, மூக்கை இடம் வலம் திருப்புற ரட்டரைக் காலால அசைக்கிற பெடல். வீட்ல ஃப்ளைட் சிம் (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற சிமுலேட்டர்) வச்சிருக்கவங்க யாராவது "பெடல் போயிடுச்சு, அடுத்து எது வாங்கலாம்"னு கேட்டா நான் உடனே பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன், "என்ன பண்ணுது"ன்னுதான் முதல்ல கேப்பேன். என் நண்பர் ஒருத்தர் பெடல் செத்துப்போச்சுன்னு பெட்ஷீட்ல சுத்தி பஸ்ல தூக்கிட்டு வந்தாரு, என் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தா மூணு ஆக்சிஸும் (ரட்டர் அசைவு ஒண்ணு, பிரேக் அசைவு ரெண்டு) பாலாட்டம் ஓடுது, விசாரிச்சா அவரோட சிம்ல உதவி ஆப்ஷன்ல ஆட்டோ ரட்டர் ஆன்ல இருந்திருக்கு, அவர் மிதிக்க மிதிக்க சிம் தன் இஷ்டத்துக்கு ரட்டரைத் திருப்பிட்டு இருந்திருக்கு. அன்னிக்கு அவர் புது பெடலுக்குக் காசு கட்டியிருந்தா அந்தப் புதுசும் அதையேதான் பண்ணியிருக்கும். அதனாலதான் கோளாறு வாரியா எழுதுறேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க போய்ப் படிங்க, ஆனா இந்த முதல் சோதனையை மட்டும் எல்லாரும் பண்ணிடுங்க.

முதல்ல சிம்மை மூடிட்டு விண்டோஸ்ல பாருங்க

விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கி, ஜாய் டாட் சிபிஎல்னு (joy.cpl) இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் தட்டுனா கேம் கன்ட்ரோலர் லிஸ்ட் வரும், உங்க பெடலைத் தொட்டு ப்ராப்பர்ட்டீஸ் போங்க. நிறைய பெடல்ல ரட்டர் இசட் ரொடேஷன்னும், ரெண்டு டோ பிரேக்கும் (பெடலோட மேல் பகுதியைக் கால் விரலால அமுக்குற பிரேக்) எக்ஸ், ஒய்னும் காட்டும். காலை எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா பாருங்க, அப்புறம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ரொம்ப மெதுவா, ஒரு பத்து செகண்ட் எடுத்துக்கிட்டு தள்ளிப் பாருங்க. இங்க அசைவைக் காட்டுற கோடு சுத்தமா வழுக்கிட்டுப் போச்சுன்னா கோளாறு பெடல்ல இல்ல, சிம் செட்டிங்ல இருக்கு. இங்கயே துள்ளுச்சுன்னா பெடலைக் கழட்ட வேண்டியதுதான்.

ஓடுபாதையில வேகம் எடுக்கும்போது இடது பக்கம் இழுக்குது

அதிகமா வர்ற புகார் இதுதான், பெரும்பாலும் இது கோளாறே கிடையாது. செஸ்னா 172 மாதிரி ஒத்தை எஞ்சின் விமானத்துல காக்பிட்ல இருந்து பாத்தா ப்ரொப்பெல்லர் கடிகார முள் சுத்துற மாதிரி சுத்தும். அது பின்னாடி தள்ளுற காத்து நேரா போகாம விமானத்தைச் சுத்திச் சுருண்டு போய் வால்ல நிக்குற ஃபின்னோட இடது பக்கத்துல அடிக்கும், வால் வலப்பக்கம் போகும், மூக்கு இடப்பக்கம் வரும். அதுக்கு மேல எஞ்சின் டார்க் (சுத்துறதோட எதிர்விசை) இருக்கு, மூக்கைத் தூக்கினதும் கீழ இறங்குற வலப்பக்க பிளேடு அதிகமா இழுக்கிற பி-ஃபேக்டர் இருக்கு. எல்லாம் சேந்து இடப்பக்கம்தான் தள்ளும். நெஜ பைலட்டும் டேக்ஆஃப்ல வலது பெடலை மிதிச்சுக்கிட்டேதான் போறாரு.

சந்தேகம் தீரணும்னா காத்து இல்லாத வானிலை வச்சு ஏ320 மாதிரி ஒரு ஜெட்டை எடுத்து ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே பவர் குடுத்து ஓட்டுங்க. அது நேரா போச்சுன்னா உங்க பெடல் நல்லா இருக்கு, கால்தான் இன்னும் பழகணும். ஜெட்டும் இழுத்தா அடுத்ததைப் படிங்க.

காலை எடுத்தாலும் நடுவுல வந்து நிக்கல

இங்க ஒரே ஒரு கேள்வி. தப்பா நிக்குறது எப்பவும் ஒரே இடமா, இல்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற இடமா?

ஒரே இடம்னா அது கேலிப்ரேஷன், அதாவது நடு எங்க, கோடி எங்கன்னு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற கணக்கு. அதே ப்ராப்பர்ட்டீஸ்ல செட்டிங்ஸ் டேப்ல ரீசெட் டு டீஃபால்ட் குடுத்துட்டு மறுபடி பாருங்க. தனக்குன்னு சாஃப்ட்வேர் வச்சிருக்கிற பெடல்னா கேலிப்ரேஷனை அந்த சாஃப்ட்வேர்ல மட்டும் பண்ணுங்க, விண்டோஸ்லயும் ஒரு தடவை, கம்பெனி சாஃப்ட்வேர்லயும் ஒரு தடவைன்னு ரெண்டு இடத்துல பண்ணா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நடு எங்கன்னே தெரியாம போயிடும்.

வேற வேற இடத்துல நிக்குதுன்னா அது மெக்கானிக்கல் சமாச்சாரம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல தண்டவாளத்துல தூசியும் பழைய க்ரீஸும் சேந்து களிம்பா மாறி பெடலைப் பிடிச்சு வச்சுக்கும். பழைய க்ரீஸை முழுசா துடைச்சு எடுத்துட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கிற சிலிகான் க்ரீஸ் கொஞ்சமா தடவுங்க. டென்ஷன் குமிழ் இருந்தா இறுக்கிப் பாருங்க. இதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கிற சின்ன ஆட்டத்துக்கு சிம்ல 3 இல்ல 5 சதவீதம் டெட்சோன் (அந்த அளவு அசைவை சிம் கண்டுக்காம விடுற செட்டிங்) வச்சா போதும். 10, 15னு வைக்க வேண்டி வந்துச்சுன்னா அந்த பெடல் முடிஞ்சுது, ஏன்னா தரையிறங்கும்போது நமக்கு வேணுங்கறதே அந்த நடுவுல இருக்கிற சின்ன அசைவுதான், அதைத்தான் டெட்சோன் முழுங்குது.

கோடு துள்ளுது, விமானத்தோட வால் திடீர்னு வெட்டுது

கொஞ்சம் விலை கம்மியான பெடல்ல எல்லாம் உள்ள இருக்கிறது பொட்டென்ஷியோமீட்டர், கடையில சுருக்கமா பாட்னு சொல்லுவாங்க, பழைய ரேடியோ வால்யூம் குமிழுக்குள்ள இருக்குமே அதேதான். ஒரு கார்பன் பட்டை மேல ஒரு உலோகக் கை உரசிக்கிட்டே போகும். வால்யூம் குமிழ் பழசானா கரகரன்னு சத்தம் வருமே, அதே கரகரப்பு இங்க ரட்டர் துள்ளலா வருது. ரட்டர் பாட் நடுவுலதான் முதல்ல தேயும், ஏன்னா நம்ம கால் பெரும்பாலான நேரம் நடுவுலதான் அங்கயும் இங்கயும் உரசிட்டு இருக்கு.

துள்றது ஒரு ஆக்சிஸ் மட்டுமா, மூணும் ஒண்ணாவான்னு பாருங்க. மூணும் ஒரே நேரத்துல துள்ளுச்சுன்னா மூணு பாட்டும் ஒண்ணா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, யூஎஸ்பி கேபிள், ஹப், இல்ல உள்ள இருக்கிற போர்டுலதான் விஷயம். ஹப்பை விட்டுட்டு கம்ப்யூட்டர் பின்பக்கம் மதர்போர்டு போர்ட்ல நேரா சொருகிப் பாருங்க.

ஒண்ணு மட்டும்னா அந்த பாட்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற கான்டாக்ட் கிளீனரை (சாதா டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், தூசி இன்னும் ஒட்டும்) கேபிளைக் கழட்டிட்டு பாட் ஓட்டைக்குள்ள லேசா அடிச்சு, கோடிக்குக் கோடி ஒரு முப்பது நாப்பது தடவை ஆட்டி, நல்லா காய விட்டு சொருகுங்க. தூசின்னா சரியாயிடும். கார்பனே தேஞ்சிருந்தா சில வாரத்துல திரும்ப வரும், அப்போ பாட்டை மாத்துங்க, பெடலை மாத்த வேண்டாம். பாட் மேல பி10கே, பி100கே மாதிரி எழுதியிருக்கும், அந்த பி-ன்னா லீனியர், அதாவது எவ்வளவு திருப்புறோமோ அவ்வளவு மாறும். கடைக்காரர் அவசரத்துல ஏ-ன்னு போட்டதை எடுத்துக் குடுத்தா வாங்காதீங்க, அது சவுண்டுக்குச் செஞ்சது, ரட்டர் ஒரு பக்கம் தூங்கி ஒரு பக்கம் பாயும். பழைய பாட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, தண்டு நீளமும் வெட்டும் ஒத்துப்போகணும். சென்னையில இருக்கவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும், புது பெடல் விலையோட ஒப்பிட்டா அது ஒரு செலவே இல்ல.

பிரேக் மட்டும் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல

ஒரு டோ பிரேக்கை பாதி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரட்டரை இடம் வலம் தள்ளுங்க. ப்ராப்பர்ட்டீஸ்ல பிரேக் அளவு தானா மாறுச்சுன்னா கேஸ் முடிஞ்சுது, உள்ள வயர் அறுந்திருக்கு. பெடல் முன்னும் பின்னும் போற ஒவ்வொரு தடவையும் பிரேக் பாட்டுக்குப் போற அந்த மெல்லிசு வயர் மடங்கி நிமிருது, வருஷக்கணக்கா மடங்கி மடங்கி ரப்பர் தோலுக்குள்ள செம்பு மட்டும் அறுந்துபோகும், வெளிய பாத்தா வயர் புதுசு மாதிரியே இருக்கும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு, பாட்டைக்கூட மாத்திட்டேன், கடைசியில மல்டிமீட்டரை வச்சுக்கிட்டு வயரை ஆட்டிப் பாத்தப்போதான் பீப் வர்றதும் நிக்கிறதும் தெரிஞ்சுது. சிலிகான் உறை போட்ட, நிறைய மெல்லிசு இழை இருக்கிற வயரா வாங்கி, கொஞ்சம் தளர்வா விட்டு சால்டர் பண்ணுங்க, அந்த பெடல் இன்னும் பல வருஷம் ஓடும்.

பிரேக் மிதிச்சா விமானம் சாயுது, இல்ல த்ராட்டில் குடுத்தும் நகர மாட்டேங்குது

ரெண்டுமே பைண்டிங் பிரச்சனை, அதாவது எந்த ஆக்சிஸ் எந்த வேலையைச் செய்யணும்னு சிம்ல மாட்டி விட்டிருக்கிறதுல இருக்கிற தப்பு. டிசிஎஸ்ங்கற போர் விமான சிம்ல புதுசா ஒரு கன்ட்ரோலரை சொருகினா எக்ஸ், ஒய் ஆக்சிஸை ஜாய்ஸ்டிக்னு நெனச்சு சாய்க்கிறதுக்கும் மூக்கைத் தூக்கறதுக்கும் தானா மாட்டி விட்டுடும், மேல சொன்ன மாதிரி பெடல்ல எக்ஸும் ஒய்யும் டோ பிரேக், அதான் பிரேக் அமுக்கினா விமானம் உருளுது. கன்ட்ரோல் செட்டிங்ல பெடலுக்குன்னு இருக்கிற பத்தியில உள்ள எல்லா ஆக்சிஸையும் அழிச்சுட்டு ரட்டர், இடது பிரேக், வலது பிரேக் மூணை மட்டும் போடுங்க. ஜாய்ஸ்டிக்ல முறுக்குற ட்விஸ்ட் இருந்தா அதோட ரட்டர் பைண்டிங்கையும் தூக்கிடுங்க, ரெண்டும் சண்டை போடும்.

நகர மாட்டேங்குதுன்னா பிரேக் ஆக்சிஸ் தலைகீழா இருக்கு, கால் வைக்காதப்போ முழு பிரேக், அமுக்கினா விடுது. ரிவர்ஸ் ஆக்சிஸ் டிக் பண்ணுங்க. நகருது ஆனா இழுத்துக்கிட்டு நகருதுன்னா ஒரு பக்கம் பிரேக் பூஜ்யத்துக்கு வந்து சேரல, அதுக்கு ஆரம்பத்துல ஒரு 5 சதவீதம் டெட்சோன் போதும். இன்னொண்ணு, நம்ம வீட்ல நாம வெறுங்காலோடதான் உக்காருவோம், பெடல் ஷூ போட்ட காலுக்கு அளவெடுத்து செஞ்சது, பாதம் மேல ஏறி தெரியாமலே பிரேக்கை அமுக்கிட்டு இருக்கும். குதிகாலைக் கீழ இறக்கி வச்சு ஓட்டிப் பாருங்க.

மிதிச்சா பெடலே நகந்து போகுது

இதுக்காகவே கனமான பெடல் வாங்கினவங்களை எனக்குத் தெரியும், வாங்கினதுக்கு அப்புறம் பெடல் அசையாம நின்னுச்சு, நாற்காலி பின்னாடி போச்சு. டைல்ஸ் தரையில சக்கர நாற்காலி வச்சிருந்தா எந்த பெடலா இருந்தாலும் இதான் கதி. நாற்காலிக்கு அடியில இருந்து பெடல் வரைக்கும் ஒரே பிளைவுட் பலகை போட்டு, பெடலை அதுல ஸ்க்ரூ பண்ணி, சக்கரம் நிக்கிற எடத்துல ரெண்டு ரீப்பர் கட்டையை அடிச்சுடுங்க. தள்ளுற விசையும் தாங்குற விசையும் அந்தப் பலகைக்குள்ளயே முடிஞ்சுடும். பக்கத்துத் தெரு தச்சர் ஒரு மணி நேரத்துல பண்ணிக் குடுப்பாரு.

பறக்கும்போது நடுவுல யூஎஸ்பி துண்டிச்ச சத்தம் வருது

டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல கரண்ட்டை மிச்சம் பிடிக்க அணைச்சுக்கோங்கற டிக்கை எடுங்க, பவர் பிளான்லயும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்க. அப்புறமும் போச்சுன்னா கேபிள் பெடலுக்குள்ள நுழையுற எடத்தை லேசா அசைச்சுப் பாருங்க, அங்கதான் உடையும்.

எல்லாம் சரியா இருக்கு, ஆனா நுணுக்கமா ஓட்டவே முடியல

புதுசு வாங்க நியாயமான காரணம் இதுதான். நடுவுல ஒரு பள்ளம் மாதிரி பிடிச்சு வச்சுக்கும், கொஞ்சம் அதிகமா அழுத்தினா படக்குன்னு தாண்டிடும், உங்களுக்கு வேணுங்கிற அளவு அந்தப் படக்குக்கு இடையில இருக்கும். முதல்ல கர்வ் (நடுவுல மிதிச்சா ரட்டர் கம்மியா அசையுற மாதிரி சிம்ல வைக்கிற செட்டிங்) வச்சுப் பாருங்க, எம்எஸ்எஃப்எஸ்ல (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்) சென்சிடிவிட்டியை மைனஸ் 30 பக்கம், டிசிஎஸ்ல கர்வேச்சர் 15, 20 பக்கம். நெஜ விமானத்துல வேகத்துக்கு ஏத்த மாதிரி ரட்டரோட கனம் மாறும், வீட்டு பெடல்ல ஸ்பிரிங் எப்பவும் ஒரே கனம், அதை ஓரளவு ஈடுகட்டத்தான் கர்வ். பெடல் எவ்வளவு லேசா இருக்கணுங்கறது நெஜ விமானத்துலயே பெரிய விஷயம், 2001 நவம்பர் 12-ல நியூயார்க்ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 ஏ300-600 விமானம் விழுந்து, விமானத்துல 260 பேரும் தரையில 5 பேரும் செத்துப்போனாங்க, முன்னாடி போன விமானத்தோட சுழல்காத்துல ஆடினப்போ துணை விமானி ரட்டரை மாத்தி மாத்தி முழுசா மிதிச்சதுல வால் ஃபின்னே பிஞ்சு போச்சு, அந்த விமானத்தோட ரட்டர் சிஸ்டம் டிசைனும் ஒரு காரணம்னு விசாரணை சொன்னது. அதைப் படிச்சதுல இருந்து நான் பெடல்னா முதல்ல விசையையும் பயணத்தையும்தான் பாப்பேன், பளபளப்பை இல்ல.

கர்வ் வச்சும் அந்தப் பள்ளம் போகலைன்னா, அது இரும்புலயும் ஸ்பிரிங்லயும் இருக்கிற குறை, சாஃப்ட்வேர் தீக்காது. மாத்துங்க.

சரி, எதைப் பாத்து வாங்குறது

நீங்க எதை ஓட்டுறீங்கங்கறதுல இருந்து ஆரம்பிங்க. ஏ320, 737 மட்டும்னா, ஏ320-ல பெடலால மூக்குச் சக்கரம் 6 டிகிரிதான் திரும்பும், டில்லர்ல (கையால திருப்புற சின்ன ஸ்டீயரிங்) 75 டிகிரி வரைக்கும் போகும், அதனால பெடல் வேலை டேக்ஆஃப் ஓட்டம், குறுக்குக் காத்துல இறங்குறது, ஒரு எஞ்சின் போனா சமாளிக்கிறது, அவ்வளவுதான். நல்ல டோ பிரேக் இருக்கிற நடுத்தர பெடல் போதும், அதிகமா செலவழிக்காதீங்க. செஸ்னா 172-ல பெடலால மூக்குச் சக்கரம் ரெண்டு பக்கமும் சுமார் 10 டிகிரி, அதுக்கு மேல ஒரு பக்க பிரேக்கை அமுக்கித்தான் 30 டிகிரி வரைக்கும் திருப்ப முடியும், அங்க டோ பிரேக் இல்லாம கஷ்டம்.

ஸ்பிட்ஃபயர் (ரெண்டாம் உலகப்போர் சண்டை விமானம்) ஓட்டுறவங்களுக்கு இது தலைகீழ். அதுல பிரேக் ஸ்டிக்ல இருக்கிற லீவர், எந்தச் சக்கரத்துக்குப் போகணுங்கறதை ரட்டர்தான் பிரிச்சுக் குடுக்கும், அதனால விகேபி டி-ரட்டர் மாதிரி டோ பிரேக்கே இல்லாத பெடல் கச்சிதமா பொருந்தும், அசையுற பாகம் கம்மி, இடமும் கம்மி. ஆனா நாளைக்கே பி-51 பக்கமோ எஃப்-16 பக்கமோ போவேன்னா டோ பிரேக் தேடுவீங்க.

ஹெலிகாப்டர்னா கதையே வேற. நடுவுக்கு இழுக்கிற ஸ்பிரிங்தான் அங்க எதிரி. காத்துல ஒரே எடத்துல மிதக்கும்போது பெடல் நடுவுல இருக்காது, ராபின்சன், பெல் வகையில கலெக்டிவ் (ஹெலிகாப்டரை மேல தூக்குற லீவர்) தூக்கினா இடது பெடலை முன்னாடி தள்ளி அங்கயே வச்சிருக்கணும், மி-8-ல ரோட்டர் எதிர்ப்பக்கம் சுத்துறதால வலது. ஸ்பிரிங் உங்களோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தா அரை மணி நேரத்துல கணுக்கால் வலிக்கும். ஸ்பிரிங்கைக் கழட்ட முடியுமா, டேம்பர் (அசைவை மெதுவாக்குற பாகம்) மாட்ட முடியுமான்னு கேட்டு வாங்குங்க, கர்வும் வைக்காதீங்க.

பேர் சொல்லணும்னா, லாஜிடெக் பெடல் பழைய சைடெக் டிசைன்தான் (2016-ல சைடெக்கை லாஜிடெக் வாங்கிச்சு), பாட் சென்சார், டென்ஷன் குமிழ், டோ பிரேக் எல்லாம் உண்டு. த்ரஸ்ட்மாஸ்டர் டிஎஃப்ஆர்பி லேசானது, ரெண்டு பாதமும் நெருக்கமா இருக்கும், பெரிய கால்காரங்க ஒரு தடவை வச்சுப் பாத்துட்டு வாங்குங்க. அதே கம்பெனியோட டிபிஆர்ல பெடல் மேல இருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கும், ஹால் சென்சார், நல்ல கனம். எம்எஃப்ஜி கிராஸ்விண்ட்ல கேம் (நடுப்பிடி எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற வளைவுத் துண்டு) மாத்தி நடுப்பிடியைக் கூட்டிக் குறைக்கலாம், டேம்பரும் சேத்துக்கலாம்.

ஹால் சென்சார்னா காந்தத்தை வச்சு அளக்கிறது, 1879-ல எட்வின் ஹால் கண்டுபிடிச்ச விஷயம், எதுவும் எதையும் உரசாது, அதனால தேயாது. இது நெஜமாவே நல்ல மாற்றம். ஆனா ஹால் சென்சார் போட்டும் பேரிங் லூசா இருந்தா, சென்சார் அந்த ஆட்டத்தையும் சேத்து துல்லியமா அளந்து குடுக்கும். அதனால கையில கிடைச்சா பெடலைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, பித்தளை புஷ்ஷா பேரிங்கான்னு கேளுங்க. பிட் கணக்கைப் பாத்து மயங்க வேண்டாம், 10 பிட்னா 1024 படி, பெடல் மொத்தப் பயணம் 10 செமீ-ன்னு வச்சாலும் ஒரு படி 0.1 மிமீ, அதுக்குக் கீழ எந்தக் காலும் உணராது, 16 பிட்ல 65536 படி இருந்தாலும் உங்க கால் அதேதான்.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா இருந்தா பெடல் கனமான பொருள், கூரியரும் வரியும் சேந்து விலையை எங்கயோ கொண்டு போயிடும், அதனால ஸ்பிரிங், கேம், கேபிள் தனியா விப்பாங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதிக் கேளுங்க, அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லாதவங்ககிட்ட நான் வாங்க மாட்டேன். பழசு வாங்குறீங்கன்னா மேல சொன்ன பத்து செகண்ட் மெதுவான தள்ளலை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, திரையும் பெடலும் ஒரே ஃப்ரேம்ல தெரியணும்.

புதுசு வந்த அன்னிக்கு பழைய பெடலோட பைண்டிங்கை எல்லாம் அழிச்சுட்டுதான் புதுசைச் சொருகணும். ஒரு வாரம் ஓட்டிட்டு எல்லா போல்ட்டும் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, புது பெடல்ல ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு தளர்ந்திருக்கலாம்.